“யாருக்கும் தெரியாது” என்று எழுதிய மாணவிக்கு ஏன் பூஜ்யம்?

கணிதப் பாடநூல் திருத்தக் குழுவினருக்கும் தேர்வு வினாத்தாள் தயாரிப்போருக்கும்,

எட்டாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தின் திருத்திய வரைவை வரிவரியாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். பகா எண்கள் பாடத்தின் கடைசியில் “இன்னும் விடை தெரியாதவை” என்று இரண்டு பக்கங்கள் இருந்தன. அவற்றை எடுத்துவிட்டீர்கள். அதோடு நிற்கவில்லை. அந்தப் பக்கங்களில் கேள்வியாக இருந்த ஒரு வரியைப் பாடத்தின் நடுவே கொண்டுபோய், கேள்விக்குறியை நீக்கிவிட்டு இப்படி அச்சிட்டிருக்கிறீர்கள்: “2-ஐ விடப் பெரிய ஒவ்வோர் இரட்டை எண்ணையும் இரண்டு பகா எண்களின் கூடுதலாக எழுதலாம்.”

இது கோல்ட்பாக் ஊகம். 1742-இல் பிறந்த கேள்வி. இன்றுவரை இதை யாரும் நிரூபிக்கவில்லை. தவறென்று காட்டவும் இல்லை.

ஆட்சேபம் தெரிவித்து இரண்டு முறை உங்களுக்கு எழுதினேன். வந்த பதிலில் மூன்று காரணங்கள் இருந்தன. அந்தப் பக்கங்களிலிருந்து தேர்வுக் கேள்வி கேட்க முடியாது. மாணவர்கள் குழம்பிப் போவார்கள். பாடச்சுமையைக் குறைக்க வேண்டும். இந்த மூன்றில் எதையும் என்னால் ஏற்க முடியவில்லை. 22 ஆண்டுகளாக இதே பாடத்தை நடத்தி வருகிற ஆசிரியன் என்ற முறையில், ஏன் ஏற்க முடியவில்லை என்பதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடைத்தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்கள் வரைவை ஒட்டி நடந்த மாதிரித் தேர்வில் ஏழாவது கேள்வி, சரியா தவறா என்று எழுதும் ஒரு மதிப்பெண் கேள்வி. மேலே சொன்ன அதே வரிதான் அங்கேயும். என் வகுப்பில் எல்லோரும் “சரி” என்று எழுதியிருந்தார்கள், ஒரு மாணவியைத் தவிர. விடைக்கென்று விட்டிருந்த சின்னக் கட்டத்துக்குள் அவள் எதுவும் எழுதவில்லை. பக்கத்து ஓரத்தில் பொடி எழுத்தில், “இதுவரை பார்த்த எண்களுக்கெல்லாம் சரி. எல்லா எண்களுக்கும் சரியா என்று யாருக்கும் தெரியாது” என்று இரண்டு வரி எழுதியிருந்தாள். அதன்மேல் சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு, பக்கத்தில் பூஜ்யம். திருத்தியவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்த விடைக்குறிப்பில் “சரி” என்றுதான் அச்சாகியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு இடைவேளையில் என்னிடம் ஓடி வந்தாள். மதிப்பெண் போனதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு வாங்க அவள் கேட்டது இது: “நிரூபிச்சுட்டாங்களா சார்? எப்போ? யாரு?”

அந்தக் குறுக்குக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்குத் தோன்றியது, 280 ஆண்டுகளுக்கும் மேலாகத் திறந்து கிடந்த கேள்விக்கு யாரோ விடை கண்டுபிடித்துவிட்டார்கள், நமக்குத்தான் செய்தி வரவில்லை என்று. இல்லையம்மா, யாரும் நிரூபிக்கவில்லை, விடைக்குறிப்பில்தான் தவறு என்று சொன்னேன். அவள் முகம் வாடியது. அச்சில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று அதுவரை அவள் நம்பியிருந்தாள்.

அவள் எழுதிய விடையை அவளுக்கு முன்னால் எழுதியவர் யார் தெரியுமா? கோல்ட்பாக் இந்தக் கேள்வியை ஒரு கடிதத்தில் எழுப்பியது லியோனார்டு ஆய்லரிடம். அந்தக் காலத்தின் தலைசிறந்த கணித மேதை அவர். இது உண்மை என்பதில் தனக்குச் சந்தேகம் இல்லை, ஆனாலும் தன்னால் நிரூபிக்க முடியவில்லை என்ற பொருளில் ஆய்லர் அதே ஆண்டு பதில் எழுதினார். நம்புவது வேறு, நிரூபிப்பது வேறு என்று ஆய்லர் பிரித்துச் சொன்ன அதே இடத்தில்தான் பதின்மூன்று வயதுச் சிறுமியும் கோடு போட்டிருக்கிறாள். உங்கள் விடைக்குறிப்பின்படி ஆய்லருக்கும் பூஜ்யம்தான்.

“இவ்வளவு தூரம் சோதித்துவிட்டார்களே, உண்மை என்றே வைத்துக்கொண்டால் என்ன” என்று உங்கள் பதிலில் ஒரு வரி இருந்தது. சோதித்தது உண்மைதான். 4-க்குப் பின்னால் 18 சுழியங்கள் போட்டால் வரும் எண் வரையில் ஒவ்வோர் இரட்டை எண்ணையும் கணினி சரிபார்த்துவிட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை. ஆனால் எண்களுக்கு முடிவே கிடையாது. எவ்வளவு தூரம் போனாலும் சோதித்தது கைப்பிடி அளவு, சோதிக்காதது எல்லையில்லாதது. எண் கோட்பாட்டில் இப்படி நம்பி ஏமாந்த கதைகள் நிறைய உண்டு. இரண்டை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் எடுத்த பக்கங்களில் இவையும் இருந்தன.

1769-இல் ஆய்லரே ஓர் ஊகம் சொன்னார். ஓர் ஐந்தாம் படியை மற்ற ஐந்தாம் படிகளின் கூடுதலாக எழுத வேண்டுமானால் குறைந்தது ஐந்து வேண்டும், நான்கு போதாது. மற்ற படிகளுக்கும் இப்படியே. ஏறத்தாழ 200 ஆண்டுகள் யாரும் இதை அசைக்கவில்லை. 1966-இல் லாண்டர், பார்க்கின் என்ற இருவர் கணினியை வைத்துத் தேடி இதைக் கண்டுபிடித்தார்கள்: 27, 84, 110, 133 ஆகிய நான்கின் ஐந்தாம் படிகளைக் கூட்டினால் 144-இன் ஐந்தாம் படி. இரண்டு பக்கமும் 61917364224. அவர்களுடைய ஆய்வுக் கட்டுரை சில வரிகளில் முடிந்துவிடுகிறது. என் வகுப்பில் இதை ஒவ்வோர் ஆண்டும் குழந்தைகளே பெருக்கிக் கூட்டிச் சரிபார்ப்பார்கள். ஒரு பாடவேளை முழுக்க ஆகும். கடைசி இலக்கமும் பொருந்தி வரும்போது வகுப்பில் எழும் சத்தத்தை நீங்கள் ஒருமுறை கேட்டிருந்தால் அந்தப் பக்கத்தை எடுத்திருக்க மாட்டீர்கள்.

இரண்டாவது, போல்யா 1919-இல் சொன்னது. 12 = 2 × 2 × 3 என்று பகாக் காரணிகளாகப் பிரித்தால் மூன்று காரணிகள், ஒற்றைப்படை. 10 = 2 × 5, இரட்டைப்படை. 2-இலிருந்து எந்த எண் வரை எண்ணிப் பார்த்தாலும், ஒற்றைப்படையாகக் காரணிகள் கொண்ட எண்கள் பாதிக்கு மேல் இருக்கும் என்று தோன்றியது. சோதித்த வரையில் தோன்றியபடியே இருந்தது. 1958-இல் ஹேசல்குரோவ் இது எங்கோ ஓரிடத்தில் தவறும் என்று நிரூபித்தார். முதன்முதலில் தவறும் இடம் 906150257 என்று பின்னால் தெரிந்தது. 90 கோடி வரை சொன்ன சொல் தவறாத ஒன்று, அதற்குப் பிறகு தவறியது.

ஆகவே “சோதித்துப் பார்த்தோம், சரியாக இருந்தது” என்பதும் “நிரூபித்தோம்” என்பதும் ஒன்றல்ல. கணிதத்தை மற்ற அறிவியல்களிலிருந்து பிரித்து நிறுத்துவதே இந்த வேறுபாடுதான். பதின்மூன்று வயதில் இதைச் சொல்லித் தராமல் வேறு எப்போது சொல்லித் தரப் போகிறோம்?

குழப்பம் என்கிறீர்கள். அந்தப் பக்கங்களை வைத்து வகுப்பில் என்ன நடக்கும் என்பதைச் சொல்கிறேன், குழப்பமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

மூன்று கனங்களின் கூடுதல் என்று ஒரு கேள்வி அங்கே இருந்தது. ஒரு முழு எண்ணை மூன்று கனங்களின் கூடுதலாக எழுத வேண்டும். குறை எண்களின் கனமும் சேர்த்தி. 29 எளிது: 27 + 1 + 1. 6-க்கு 8 – 1 – 1. 20-க்கு 27 – 8 + 1. இரண்டு பேர் இரண்டு பேராகப் பிரித்து, 1 முதல் 30 வரை எல்லா எண்களுக்கும் தேடச் சொல்வேன். அரை மணி நேரத்தில் கரும்பலகை நிறைந்துவிடும். சில இடங்கள் மட்டும் காலியாக நிற்கும். 4, 5, 13, 14, 22, 23. எந்த ஆண்டு நடத்தினாலும் இந்த ஆறும் கட்டாயம் காலியாக நிற்கும்.

“ஏன் இந்த ஆறும் கிடைக்கல?” என்று கேட்டுவிட்டு, 1, 8, 27, 64, 125, 216 என்று கனங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றையும் 9-ஆல் வகுத்து மீதி சொல்லச் சொல்வேன். 1, 8, 0, 1, 8, 0. யாராவது ஒரு குழந்தை கத்தும்: “திரும்பத் திரும்ப அதேதான் வருது!” மீதி 8 என்றால் ஒன்று குறைகிறது என்று பொருள். ஆகவே ஒவ்வொரு கனமும் 9-இன் மடங்கு, அல்லது அதைவிட ஒன்று கூட, அல்லது ஒன்று குறைவு. மூன்றைச் சேர்த்தால் அதிகபட்சம் மூன்று கூடும் அல்லது மூன்று குறையும். 9-ஆல் வகுத்தால் மீதி 4 அல்லது 5 வரும் எண் இதற்குள் அடங்கவே அடங்காது. முடிந்தது. எட்டாம் வகுப்புக் குழந்தைகள், அவர்களுக்குத் தெரிந்த வகுத்தலை மட்டும் வைத்து, எண்ணிலடங்காத எண்களுக்கு ஒரே அடியில் “முடியாது” என்று நிரூபித்துவிட்டார்கள். தேடிப் பார்த்துச் சொன்ன முடிவு இல்லை அது. இனி யாரும் தேடவே வேண்டாம் என்று சொல்லும் முடிவு.

மிச்சமிருக்கும் காலி இடங்கள் வேறு வகை. 12-க்கு அன்றைக்கு யாருக்கும் விடை கிடைக்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்காரும், கணக்கென்றாலே ஒதுங்கும் ஒரு பையன், இரண்டு நாள் கழித்து ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். பத்துப் பன்னிரண்டு பக்கம் அடித்தல் திருத்தல். கடைசிப் பக்கத்தில் கட்டம் கட்டி எழுதியிருந்தான்: 1000 + 343 – 1331. பத்தின் கனம், ஏழின் கனம், பதினொன்றின் கனம். அந்த நோட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

30-க்கு மட்டும் வீட்டில் தேட வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். அதன் விடை 1999-இல்தான் கிடைத்தது: 2220422932, –2218888517, –283059965. 33-க்கு 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆண்ட்ரூ புக்கர் கண்டுபிடித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் சதர்லாந்தும் சேர்ந்து 42-க்கு விடை கண்டார்கள். உலகெங்கும் சும்மா இருந்த கணினிகளின் நேரத்தைக் கடன் வாங்கித்தான் அதுவும் முடிந்தது. மூன்றும் 17 இலக்க எண்கள். 31-ஐயும் 32-ஐயும் மூன்று வரியில் ஒதுக்கிவிட்ட குழந்தைகள், பக்கத்து எண்ணான 33-க்கு இத்தனை பாடா என்று வாய் பிளந்து கேட்பார்கள். 100-க்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 1000-க்குள் 114, 390, 627, 633, 732, 921, 975 என்ற ஏழு எண்களுக்கு இன்னும் விடை தெரியாது. மீதி 4, 5 வரும் எண்களைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் விடை உண்டா என்பதும் தெரியாது.

இந்த ஒரு பாடவேளையில் குழந்தைகள் கனம் பழகினார்கள், குறை எண் பழகினார்கள், மீதி பழகினார்கள், நிரூபணம் என்றால் என்ன என்று கண்ணால் பார்த்தார்கள். நீங்கள் கொடுத்திருக்கும் பயிற்சி 4.3-இல் நாற்பது கணக்கு போட்டும் வராத பழக்கம் இது. சுமை என்றால் அந்த நாற்பது கணக்கில் பத்தைக் குறையுங்கள். நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

தேர்வில் கேட்க முடியாது என்ற காரணத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. “31-ஐ ஏன் மூன்று கனங்களின் கூடுதலாக எழுத முடியாது?” என்று கேட்கலாம். “100-ஐ இரண்டு பகா எண்களின் கூடுதலாக எத்தனை வழிகளில் எழுதலாம்?” என்று கேட்கலாம், 3 + 97-இல் தொடங்கி 47 + 53 வரை ஆறு வழிகள். “கோல்ட்பாக் ஊகத்தில் எது தெரியும், எது தெரியாது?” என்று கேட்கலாம். இந்தக் கடைசிக் கேள்விக்கு அந்த மாணவி ஏற்கனவே விடை எழுதிவிட்டாள்.

வரைவில் வேறு இரண்டு இடங்களிலும் இதே தவறு இருக்கிறது. தன்னைத் தவிர மற்ற வகுத்திகளைக் கூட்டினால் தானே வரும் 6, 28, 496 போன்ற எண்களைப் பற்றிச் சொல்லிவிட்டு, “இத்தகைய எண்கள் அனைத்தும் இரட்டை எண்களே” என்று எழுதியிருக்கிறீர்கள். ஒற்றைப்படையில் அப்படி ஓர் எண் இருந்தால் அது 1500 இலக்கங்களுக்கு மேல் இருக்க வேண்டும் என்பதுவரைதான் நிரூபித்திருக்கிறார்கள். இல்லவே இல்லை என்று சொல்ல யாரிடமும் நிரூபணம் கிடையாது.

சமன்பாடுகள் பாடத்தில் இருக்கும் வரி இதைவிட மோசம். “முறையாகச் செய்தால் எந்தச் சமன்பாட்டுக்கும் முழு எண் தீர்வு உண்டா இல்லையா என்று கண்டறியலாம்.” இதைக் கேள்வியாக 1900-இல் கேட்டவர் ஹில்பர்ட். அப்படி ஒரு பொது முறை இருக்கவே முடியாது என்று 1970-இல் மத்தியசேவிச் நிரூபித்து முடித்தார். அதற்கான அடித்தளத்தை டேவிஸ், பட்னம், ஜூலியா ராபின்சன் ஆகியோர் போட்டிருந்தார்கள். அதாவது, முடியாது என்று நிரூபணமே ஆகிவிட்ட ஒன்றை முடியும் என்று அச்சடிக்கப் போகிறீர்கள். அதே பாடத்தில், “1 முதல் 20 வரை போட்டுப் பாருங்கள், பொருந்தாவிட்டால் தீர்வு இல்லை” என்று ஒரு குறிப்பும் இருக்கிறது. 61-ஐ ஒரு வர்க்க எண்ணால் பெருக்கி 1 கூட்டினால் இன்னொரு வர்க்க எண் வருமா என்ற கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 20 வரை போட்டாலும் வராது, 20 கோடி வரை போட்டாலும் வராது. 226153980-ஐ வர்க்கப்படுத்தினால்தான் வரும். இன்னொரு பக்கம் 1766319049-இன் வர்க்கம். இரண்டாம் பாஸ்கரர் 12-ஆம் நூற்றாண்டிலேயே சக்ரவாள முறையில் இந்த விடையைக் கொடுத்துவிட்டார். அவர் பெயரைப் பாடத்தின் முகப்பில் போட்டுவிட்டு, அவர் கணக்கையே பொய்யாக்கும் குறிப்பைக் கீழே போடலாமா?

இராமானுஜன் விஷயத்திலும் இப்படித்தான். அவர் படமும் 1729 கதையும் பெட்டிக்குள் அழகாக இருக்கின்றன. நல்லது. ஆனால் அவர் கேட்டு வைத்த கேள்விகள் இருந்த பத்தியை எடுத்துவிட்டீர்கள். 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் அவர் இரண்டு கேள்விகள் கேட்டார். 2-இன் படியிலிருந்து 7-ஐக் கழித்தால் எப்போதெல்லாம் வர்க்க எண் வரும் என்பது ஒன்று. 8, 16, 32, 128, 32768 ஆகிய ஐந்துக்கும் வருகிறது. கடைசியில் கிடைப்பது 181-இன் வர்க்கம். வேறு இல்லை என்பதை 1948-இல் நாகெல் நிரூபித்தார். அந்தக் கேள்வி தீர்ந்தது.

இன்னொன்று தீரவில்லை. 1 × 2 × 3 × 4 = 24; ஒன்று கூட்டினால் 25, ஐந்தின் வர்க்கம். 5 வரை பெருக்கினால் 120. ஒன்று கூட்டினால் 121, பதினொன்றின் வர்க்கம். 6-க்கு வராது. 7 வரை பெருக்கினால் 5040. ஒன்று கூட்டினால் 5041, அது 71-இன் வர்க்கம். இதற்கு மேல் உண்டா? இராமானுஜனுக்கு முன்பே பிரோகார்டு என்ற பிரெஞ்சுக்காரரும் இதைக் கேட்டிருக்கிறார். 100 கோடியையும் தாண்டித் தேடிவிட்டார்கள்; நான்காவது ஒன்று கிடைக்கவில்லை. இல்லை என்று நிரூபிக்கவும் முடியவில்லை. பெருக்கலும் வர்க்கமும் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் புரியும் இந்தக் கேள்வி, இராமானுஜன் விட்டுப்போன நிலையிலேயே இன்னும் இருக்கிறது. 1729 கதையைக் கேட்கும் குழந்தை, அவர் மேதை என்று வியந்துவிட்டுப் போகும். இந்தக் கேள்வியைக் கேட்கும் குழந்தை நோட்டை எடுத்து 8-க்குப் போட்டுப் பார்க்கும். இரண்டும் வேண்டும். ஒன்றைத்தான் வைக்க இடம் இருக்கிறதென்றால் நான் கேள்வியைத்தான் வைப்பேன்.

சிவசங்கரநாராயண பிள்ளையின் பெயர் வரைவில் எங்குமே இல்லை. தமிழ் பேசும் வீட்டில் பிறந்து எண் கோட்பாட்டில் உலகத் தரமான வேலை செய்தவர். 1950-இல் அமெரிக்காவில் நடந்த கணித மாநாட்டுக்குப் போகும் வழியில் விமான விபத்தில் இறந்தார். அவர் விட்டுப்போன ஊகமும் நீங்கள் எடுத்த பக்கத்தில் இருந்தது. வர்க்கம், கனம், நான்காம் படி என்று எல்லாப் படி எண்களையும் வரிசையாக எழுதுங்கள்: 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36. 8-க்கும் 9-க்கும் வித்தியாசம் 1. இந்த ஒரு ஜோடியைத் தவிர வேறு எங்கும் வித்தியாசம் 1 வராது என்று கட்டலான் 1844-இல் சொன்னதை 2002-இல் மிஹாய்லெஸ்கு நிரூபித்தார். வித்தியாசம் 2? 25-ம் 27-ம் தெரியும். வேறு உண்டா என்று தெரியாது. வித்தியாசம் 6? ஒரு ஜோடிகூட இதுவரை கிடைக்கவில்லை. எந்த வித்தியாசத்தை எடுத்தாலும் ஜோடிகளின் எண்ணிக்கை ஓர் இடத்தில் நின்றுவிடும் என்பது பிள்ளையின் ஊகம். 1-ஐத் தவிர வேறு எந்த வித்தியாசத்துக்கும் இது இன்னும் நிரூபணம் ஆகவில்லை. இதைப் படித்த அன்று என் மாணவர்கள் வித்தியாசம் 6 தேடி ஒரு வாரம் அலைந்தார்கள். கிடைக்கவில்லை என்று சலிப்போடு வந்து சொன்னவர்களிடம், “உலகத்தில் யாருக்கும் கிடைக்கல” என்றேன். அவர்கள் சிரித்த சிரிப்பில் ஒரு பெருமை இருந்தது.

நான் படித்த காலத்தில் எந்தப் புத்தகத்திலும் இப்படி ஒரு பக்கம் இல்லை. கணிதம் என்பது எப்போதோ யாரோ முடித்து வைத்த வேலை, நமக்கு மிஞ்சியது மனப்பாடம் என்றுதான் கல்லூரியில் சேரும்வரை நினைத்திருந்தேன். 3, 5; 11, 13; 29, 31 என்று இரண்டு வித்தியாசத்தில் ஜோடி ஜோடியாக வரும் இரட்டைப் பகா எண்கள் முடிவில்லாமல் வருமா என்று தெரியாது என ஒரு பேராசிரியர் போகிற போக்கில் சொன்ன அன்று, வகுப்பு முடிந்தும் நான் எழுந்திருக்கவில்லை. இந்தக் கேள்வி என் ஆசிரியப் பணிக்காலத்திலேயே நகர்ந்தது. 2013-இல், பெரிதாக யாரும் அறியாத விரிவுரையாளராக இருந்த யிடாங் ஜாங், 50 வயதைத் தாண்டிய நிலையில், 7 கோடிக்கு உட்பட்ட இடைவெளியில் பகா எண் ஜோடிகள் முடிவில்லாமல் வருகின்றன என்று நிரூபித்தார். மேனார்டும் டாவோவும் இன்னும் பலரும் சேர்ந்து ஓர் ஆண்டுக்குள் அந்த 7 கோடியை 246-க்குக் கொண்டுவந்தார்கள். 2 வரை வர வேண்டும், வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் இதைச் சொல்லும்போது, “இந்த வருஷம் எவ்வளவு சார்?” என்று முந்தைய ஆண்டு மாணவர்கள் வராந்தாவில் நிறுத்திக் கேட்பார்கள். உங்கள் புதிய புத்தகத்தில் படிக்கப் போகிற குழந்தைக்கு அப்படிக் கேட்க ஒரு காரணம் இருக்காது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் அந்த இரண்டு பக்கங்களையும் திரும்பச் சேருங்கள். இடமில்லை என்றால் ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். மூன்று கனங்கள், இராமானுஜனின் கேள்வி, பிள்ளையின் ஊகம் ஆகிய மூன்றும் கட்டாயம் இருக்கட்டும். சுருக்கித் தரும் வேலையை நானே செய்கிறேன். வகுப்பில் பயன்படுத்திய குறிப்புகள் தயாராக இருக்கின்றன. ஊதியம் வேண்டாம், பெயரும் போட வேண்டாம்.

கோல்ட்பாக் வரியை, “4-க்குப் பின் 18 சுழியங்கள் கொண்ட எண் வரை சோதிக்கப்பட்டுள்ளது, நிரூபணம் இன்னும் இல்லை” என்று சேர்த்துத் திருத்துங்கள். “அனைத்தும் இரட்டை எண்களே” என்பதை “இதுவரை தெரிந்தவை அனைத்தும்” என்று மாற்றுங்கள். எந்தச் சமன்பாட்டையும் தீர்க்கலாம் என்ற வரியையும், 20 வரை போட்டுப் பார்க்கச் சொல்லும் குறிப்பையும் நீக்குங்கள். தேற்றம் என்றால் என்ன, ஊகம் என்றால் என்ன என்று பாடத்தின் தொடக்கத்திலேயே நான்கு வரி எழுதி, புத்தகம் முழுக்க அந்த இரண்டு சொற்களையும் மாற்றிப் போடாமல் பயன்படுத்துங்கள். எண் கோட்பாட்டில் ஆய்வு செய்கிற ஒருவரிடம் இறுதிப் படியைக் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

வினாத்தாள் தயாரிப்போரிடம்: நிரூபணம் ஆகாத எதையும் சரியா தவறா பகுதியில் கேட்காதீர்கள். மாதிரித் தேர்வின் ஏழாவது கேள்வியை ரத்து செய்து எல்லோருக்கும் அந்த ஒரு மதிப்பெண்ணைக் கொடுங்கள். விடைக்குறிப்பு தவறு என்று எழுத்தில் அறிவியுங்கள்.

அந்த அறிவிப்பின் நகல் ஒன்று எனக்கும் வேண்டும். அந்த மாணவியிடம் அதைக் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியன்